உப்புக் காற்றில் ஒரு வாலிபால் வலை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மகாபலிபுரத்தில் இறங்குவார்கள். கல் ரதங்களைப் பார்ப்பார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் புதுச்சேரியில்தான் கண் விழிப்பார்கள். நடுவில் இருக்கிற மரக்காணமும், அதற்குத் தெற்கே இருக்கிற கீழ்புத்துப்பட்டும் ஜன்னல் வழியே ஓடி மறைகிற ஊர்கள்தான். ஆனால் என் நாத்தனாரைக் கொடுத்த ஊர் கீழ்புத்துப்பட்டு. அதனால் வருஷத்துக்கு இரண்டு முறையாவது அங்கே இறங்காமல் எனக்கு முடியாது. இந்த முறை போனபோது பத்து நாள் தங்கினேன். அந்தப் பத்து நாளில் கண்டதையும் கேட்டதையும் நம் வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள ஆசை.

நாங்கள் இருப்பது திண்டிவனம். அங்கிருந்து பஸ் மரக்காணத்தை நெருங்கும்போதே காற்றின் குணம் மாறிவிடும். உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். கண்ணுக்கு எட்டிய வரையில் பாத்தி பாத்தியாக உப்பளம். உவர் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட்டு, வெயிலில் காயவைத்து, கடைசிப் பாத்தியில் உப்புப் பூத்ததும் நீண்ட கைப்பிடி போட்ட மரப்பலகையால் வாரிக் கரையில் குவிக்கிறார்கள். தை, மாசியில் ஆரம்பித்தால் ஐப்பசி மழை வரும் வரையில் இதே வேலைதான். மழை வந்துவிட்டால் குவியலுக்கு மேல் ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிவிட்டு, வேறு வேலை தேட வேண்டியதுதான். நாம் ஒரு சிட்டிகை எடுத்துச் சாம்பாரில் போடுகிற சாமான், எத்தனை பேருடைய குதிகால் வெடிப்பில் விளைகிறது என்று இங்கே வந்து பார்த்தால்தான் தெரியும். கூடை சுமக்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைக் கூசவைக்கும். தலையில் துண்டைப் போட்டு நெற்றி வரை இறக்கிவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

ஆந்திராவில் ஆரம்பித்துச் சென்னை வழியாக வருகிற பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடமும் மரக்காணம்தான். பக்கத்திலேயே கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பெரிய உவர்நீர் ஏரி இது. 2021-ல் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பனிக்காலத்தில் போனால் வெளிநாட்டுப் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம்.

<b>அய்யனார் தோப்பு</b>

மரக்காணத்திலிருந்து தெற்கே வந்தால், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிற காலாப்பட்டுக்கு முன்னாலேயே கீழ்புத்துப்பட்டு வந்துவிடும். ஊரின் அடையாளம் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில். பூரணி, புஷ்கலை என்று இரண்டு தேவியரோடு அய்யனார் இருக்கிறார். கோயிலைச் சுற்றி ஒரு காடு. காடு என்றால் பயந்துவிட வேண்டாம், சாமிக்கென்று விட்டுவைத்த தோப்பு. கடற்கரை ஓரத்துக்கே உரிய, கோடையிலும் இலை உதிர்க்காத மரங்கள். ஒரு காலத்தில் இந்தக் கரை முழுக்க இப்படித்தான் இருந்ததாம். வயலும் வீடும் சவுக்குத் தோப்புமாக மற்றதெல்லாம் மாறிப் போக, சாமி பயத்தால் இந்தத் துண்டு மட்டும் தப்பியிருக்கிறது. பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்தத் தோப்பை மரம் மரமாக எண்ணி ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் சாலையிலிருந்து தோப்புக்குள் கால் வைத்தால் மண்பானைத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும்.

கோயிலைப் பார்த்தாயிற்று, உப்பளத்தைப் பார்த்தாயிற்று, இனி என்ன என்று கேட்காதீர்கள். இந்தக் கட்டுரை எழுத என்னைத் தூண்டியது இந்த இரண்டும் அல்ல. ஒரு வாலிபால் வலை!

சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் இந்தக் கரையில் எந்தக் குப்பத்துக்குப் போனாலும், இரண்டு சவுக்குக் கம்பம் நட்டு நடுவில் ஒரு வலை கட்டியிருப்பார்கள். கிழிந்த மீன் வலையைக்கூட மடித்துக் கட்டிவிடுவார்கள். காலையில் கடலுக்குப் போய் வந்த பையன்கள் மணலில் குதித்துக் குதித்து அடிப்பார்கள். மணலில் விழுந்தால் அடி படாது. பந்து ஒன்று வாங்கினால் பன்னிரண்டு பேர் ஆடலாம். கிரிக்கெட் மட்டைக்கும் காலுறைக்கும் ஆகிற செலவு இதில் கிடையாது. இதெல்லாம் பையன்களின் கதை. என் நாத்தனார் பெண் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூட வாலிபால் குழுவில் அவளும் ஒருத்தி. விழுப்புரத்தில் நடக்கிற போட்டிக்கு அவள் பெயரும் வந்திருந்தது. அதை வைத்துத்தான் வீட்டில் ஒரு சின்ன யுத்தம்.

<b>"இது எதுக்கு?"</b>

யுத்தத்தின் சேனாதிபதி நாத்தனாரின் மாமியார். பெண் வயசுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "எகிறி எகிறிக் குதிச்சா கர்ப்பப்பை எறங்கிடும்னு எங்க காலத்துல சொல்லுவாங்க. வெயில்ல கறுத்து வேற போயிடும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?" என்று அந்த அம்மாள் பிடிவாதமாக இருந்தார். நாத்தனாரோ, "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தாள். பெண்ணோ இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும். சென்னை நந்தனத்தில் உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். கிழவியம்மாளிடம் பதமாகத்தான் பேசினார். "ஆயா, நீங்க சின்ன வயசுல உப்புக் கூடை சுமந்தீங்களாமே! கொழந்தை பொறந்து எத்தனை நாள்ல திரும்ப வேலைக்குப் போனீங்க?" என்றார்.

"நாப்பதாம் நாளே போனேன். போவலைன்னா சோறு?"

"அப்ப எறங்காத கர்ப்பப்பை, பந்து அடிச்சா எறங்கிடுமா ஆயா?"

கிழவியம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அது வயித்துக்கு. இது எதுக்கு?"

நல்ல கேள்விதான். டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்துவிட்டு, இந்த விளையாட்டு பிறந்த கதையைச் சொன்னார். அவர் சொன்னதில் பாதியும், ஊருக்கு வந்தபின் என் மகன் வாங்கிக் கொடுத்த புத்தகங்களில் படித்தது பாதியுமாக இங்கே எழுதுகிறேன்.

<b>பீச் பழக் கூடையும் தொந்தி விழுந்தவர்களும்</b>

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். அங்கே ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் 1885-ல் ஆரம்பித்த ஒரு சின்னக் கல்லூரி. ஒய்.எம்.சி.ஏ. சங்கங்களுக்கு வேண்டிய ஆட்களைத் தயார் செய்வதற்காக வைத்தது. அங்கே உடற்பயிற்சிப் பகுதிக்குத் தலைவராக இருந்த லூதர் குலிக் என்பவர், ஒரு மனிதனுக்கு உடம்பு, மனம், ஆன்மா மூன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்று நினைத்தார். ஒய்.எம்.சி.ஏ. கட்டடங்களில் ஒரு முக்கோணம் போட்டிருப்பார்களே, அதன் மூன்று பக்கமும் இந்த மூன்றுதான்.

அந்த ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் வெளியே தலைகாட்ட முடியாது. கூடத்துக்குள்ளேயே கையைக் காலை ஆட்டிப் பயிற்சி செய்து பையன்களுக்கு அலுத்துவிட்டது. வாத்தியாரை எதிர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளேயே ஆடுகிற மாதிரி ஒரு புது விளையாட்டு கண்டுபிடி என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியாரிடம் குலிக் சொன்னார். 1891 டிசம்பர் மாதம். நெய்ஸ்மித், இரண்டு பெட்டி கொண்டு வா என்று காவலாளியிடம் கேட்டார். பெட்டி அகப்படவில்லை. பீச் பழம் வைக்கிற கூடை இரண்டுதான் கிடைத்தது. சரி என்று அதையே பத்தடி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். நாமும் அப்படித்தானே! நினைத்த காய் வீட்டில் இல்லாவிட்டால் இருக்கிற காயைப் போட்டுக் குழம்பை இறக்கிவிடுகிறோம். கூடையில் விழுந்ததால் அது 'பாஸ்கெட்'பால் ஆயிற்று. அடி இல்லாத கூடை அப்போது வரவில்லை. பந்து உள்ளே விழுந்தால் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் பதினெட்டுப் பேர் ஆடி, ஒரே ஒரு முறைதான் கூடையில் பந்து விழுந்ததாம்.

இது வாலிபர்களுக்குச் சரி. நடுத்தர வயசுக்காரர்களுக்கு? ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த வில்லியம் மார்கன் என்பவர், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தார். நாள் முழுக்கக் கடையிலும் ஆபீஸிலும் உட்கார்ந்துவிட்டு வருகிற, தொந்தி விழுந்த வியாபாரிகள் அவரிடம் பயிற்சிக்கு வருவார்கள். பாஸ்கெட்பால் ஆடினால் மூச்சு வாங்கியது, ஒருவர்மேல் ஒருவர் மோதிக் கீழே விழுந்தார்கள். மோதாமல் ஆடட்டும் என்று 1895-ல் நடுவில் ஒரு வலையைக் கட்டினார் மார்கன். அவர் வைத்த உயரம் ஆறரை அடி. முதலில் 'மிண்டோனெட்' என்று பெயர். அடுத்த வருஷம் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் ஆடிக் காட்டியபோது, பந்து தரையில் விழாமல் அங்கும் இங்கும் பறப்பதைப் பார்த்த ஒருவர், 'வாலி பால்' என்று வைக்கலாமே என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

ஆக சகோதரிகளே, வாலிபால் பிறந்ததே நம்மைப் போல நாற்பதைத் தாண்டி, இடுப்பில் சதை போட்டவர்களுக்காகத்தான்! அதைத் தெரிந்துகொண்டபின் எனக்கு அந்த வலையின் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

பெண்கள் கதையும் சுவாரசியம்தான். ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே நார்தாம்டன் என்ற ஊரில் ஸ்மித் கல்லூரி என்று பெண்கள் கல்லூரி. அங்கே செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை 1892-லேயே மாணவிகளுக்குப் பாஸ்கெட்பால் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஓடி ஆடினால் பெண்ணுக்கு நரம்பு கெடும், பிள்ளைப்பேறு கெடும் என்று அந்த ஊர் டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் அவர், மைதானத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பங்கை விட்டுத் தாண்டக் கூடாது என்று விதியை மாற்றிக்கொண்டார். 1893-ல் நடந்த முதல் போட்டியைப் பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை. நெய்ஸ்மித் கல்யாணம் செய்துகொண்டதும் முதன்முதலில் பாஸ்கெட்பால் ஆடிய பெண்களில் ஒருவரைத்தான். இத்தனைக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1951-ல்தான். விளையாட்டுக்கே தாய்வீடு, பெண்களுக்குக் கதவு திறக்க அறுபத்தாறு வருஷம்!

அமெரிக்கா முழுவதற்கும் சட்டம் வந்தது இன்னும் பின்னால், 1972-ல். அரசாங்கப் பணம் வாங்குகிற எந்தப் பள்ளியும் கல்லூரியும் படிப்பிலோ விளையாட்டிலோ பெண்களுக்குக் குறை வைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அதற்கு முன்னால் அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டுக் குழுவில் இருந்த பெண் பிள்ளைகள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இப்போது முப்பது லட்சத்துக்கும் மேல். அங்கேயும் கிழவியம்மாக்கள் இருந்திருப்பார்கள்தானே!

இன்னொன்றும் டீச்சர் சொன்னார். அமெரிக்காவில் பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் நன்றாக ஆடுகிற பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. ஸ்பிரிங்ஃபீல்டு போன்ற சின்ன இடங்கள் 'மூன்றாம் பிரிவு' என்ற வரிசையில் ஆடுகின்றன. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி. படிக்க வந்த பிள்ளைகள், ஆட ஆசையிருப்பதால் ஆடுகிறார்கள். அந்தப் பிரிவில் ஆண்களுக்கான வாலிபால் சாம்பியன் பட்டம் 2012-ல்தான் ஆரம்பித்தது. 2012, 2013, 2014 மூன்று வருஷமும் ஜெயித்தது ஸ்பிரிங்ஃபீல்டுதான்.

<b>நந்தனம் வழியாக ஒரு பந்து, கொழும்பு வழியாக ஒரு பந்து</b>

அந்தச் சின்னக் கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து, 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். உடற்பயிற்சி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆசியாவிலேயே முதலாவதாக வந்த கல்லூரி என்று சொல்கிறார்கள். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் குழுவுக்கும் அவர்தான் மேலாளர். பாஸ்கெட்பால், வாலிபாலோடு நம் ஊர் விளையாட்டுகளையும் விடாமல் சொல்லிக் கொடுத்தாராம். 1943-ல் காலமாகும் வரையில் இந்தக் கல்லூரியே அவருக்கு உலகம். அங்கே படித்த பி.டி. மாஸ்டர்கள் மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகள் குப்பத்துக்கு வந்து இரண்டு கம்பம் நட்டார்கள். ஹோலியோக்கில் கட்டிய வலை கீழ்புத்துப்பட்டுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

ஆனால் கீழ்புத்துப்பட்டுக்கு இன்னொரு வழியாகவும் அது வந்திருக்கிறது!

ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. முப்பது வருஷத்துக்கும் மேலாக இருக்கிற பெரிய முகாம். ஒரு நாள் சாயங்காலம் நாத்தனார் பெண்ணோடு அந்தப் பக்கம் நடந்தபோது அங்கேயும் வலை கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அறுபது வயது அம்மாளிடம், "அக்கா, இங்கேயும் வாலிபாலா?" என்று கேட்டேன்.

"ஓம் தங்கச்சி. எங்கட ஊரில இதைக் கரப்பந்து எண்டு சொல்லுவம். பொடியள் பொழுதுபட்டால் கரப்பந்துதான் அடிப்பினம். பெட்டையளுக்கு வலைப்பந்து. நானும் பள்ளிக்கூடத்தில வலைப்பந்து விளையாடினனான்" என்றார். சொல்லும்போதே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இலங்கைக்கு வாலிபாலைக் கொண்டுபோனவரும் ஒய்.எம்.சி.ஏ. ஆள்தான். கொழும்பில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த ராபர்ட் வால்டர் கமக் 1916-ல் அறிமுகப்படுத்தினார். 1991-ல் அந்த நாட்டின் தேசிய விளையாட்டாகவே வாலிபாலை அறிவித்துவிட்டார்கள். வலைப்பந்து என்று அந்த அம்மாள் சொன்னது நெட்பால். நெய்ஸ்மித்தின் பாஸ்கெட்பால் இங்கிலாந்துக்குப் போய், அங்கே பெண்கள் கல்லூரிகளில் உருமாறி நெட்பால் ஆயிற்று. பிறகு ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் பரவியது. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் என்ற பெண் ஏறக்குறைய ஆறு அடி பத்து அங்குல உயரம். நெட்பாலில் இலங்கைக் குழுவுக்கு ஆடி, 2018-ல் ஆசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர். உயரமான பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பேசுகிற நம் ஊரில், அந்த உயரத்தை ஒரு நாடே கொண்டாடியிருக்கிறது.

வீடு வாசலை விட்டுப் படகில் வந்தவர்கள் எதை எதையோ இழந்தார்கள். சட்டியும் பானையும்கூடக் கொண்டுவர முடியாதவர்கள் உண்டு. ஆனால் கையில் கற்ற ஆட்டம் கூடவே வந்துவிட்டது. இங்கே ஊர்ப் பையன்களும் முகாம் பையன்களும் சேர்ந்து ஆடும்போது, ஒரு பக்கம் 'கைப்பந்து', ஒரு பக்கம் 'கரப்பந்து'. பெயர்தான் வேறு. பந்து ஒன்றே.

புதுச்சேரியிலும் ஒரு முன்னோடி உண்டு. அரவிந்தர் ஆசிரமத்துப் பள்ளி 1943-ல் தொடங்கியது. 1952-ல் சர்வதேசப் பல்கலைக்கழக மையம் என்றே பெயர் வைத்தார்கள். அங்கே ஆரம்ப நாளிலேயே பெண் பிள்ளைகளும் அரைக்கால் சட்டை போட்டு ஓடவும் தாண்டவும் செய்தார்கள். அந்தக் காலத்துப் புதுச்சேரிக்கு அது எப்படிப்பட்ட அதிர்ச்சியாக இருந்திருக்கும்! ஆசிரமத்து அன்னை எண்பது வயதுவரை டென்னிஸ் ஆடினாராம். இப்போதும் டிசம்பர் 2-ம் தேதி பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து உடற்பயிற்சி செய்து காட்டுவது வழக்கம்.

<b>போட்டிக்குப் போன கதை</b>

இவ்வளவும் கேட்டும் கிழவியம்மாள் சம்மதிக்கவில்லை. "வெள்ளக்காரன் கதை நமக்கு எதுக்கு?" என்றார். கடைசியில் அவர் மனசை மாற்றியது டீச்சரும் அல்ல, நானும் அல்ல. முகாமில் பார்த்த அந்த அம்மாள், கிழவியம்மாளுக்குப் பழைய சிநேகிதி. இரண்டு பேரும் ஒரே காலத்தில் கூலி வேலைக்குப் போனவர்கள். விஷயம் கேள்விப்பட்டு அவரே வீட்டுக்கு வந்தார். "அக்கா, நானும் குதிச்சு விளையாடினனான்தான். நாலு பிள்ளை பெத்தனான், ஒரு குறையும் இல்லை" என்றார். "பெட்டை ஆசைப்படுறாள். இந்த வயசு போனால் திரும்ப வராது" என்றும் சொன்னார். அதற்கு மேல் கிழவியம்மாள் பேசவில்லை. "அவ ஆத்தா கூடப் போனா போவட்டும்" என்று மட்டும் சொன்னார்.

நாத்தனாரும் கூடவே போனாள். ஒரு நாள் ராத்திரி வீட்டை நான் பார்த்துக்கொண்டேன். முதல் ஆட்டத்தில் ஜெயித்து, இரண்டாவதில் தோற்றுவிட்டார்கள். பெண் முழங்கையில் சிராய்ப்போடு வந்தாள். வந்ததும் வராததுமாய்க் கிழவியம்மாள் தேங்காயெண்ணெயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தினி பாயிண்டுல தோத்தீங்க?" என்று கேட்டார். "கடைசி செட்டு பதிமூணு பதினஞ்சு, ஆயா" என்றாள் பெண். "ரெண்டுதானே!" என்றார் கிழவியம்மாள்.

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. அரசாங்கப் பரீட்சை என்று சொல்லி மறுபடியும் பந்தை எடுத்து வைத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். அது என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது. நாத்தனாரிடம் நான் சொல்லிவிட்டு வந்தது இதுதான்: "தினம் ஒரு மணி நேரம் ஆடினால் மார்க் குறையாது. டி.வி. முன்னால் உட்காருகிற ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் போதும்."

<b>தாய்மார்கள் கவனத்துக்கு</b>

ஓடி ஆடுகிற பெண் வீட்டில் இருந்தால் கவனிக்க வேண்டிய சில விஷயங்களை டீச்சரிடமும், எங்கள் ஊர் லேடி டாக்டரிடமும் கேட்டு எழுதியிருக்கிறேன்.

* குதித்தால் கர்ப்பப்பை இறங்காது. அடுக்கடுக்காகப் பிரசவம், பிரசவ வலியில் நெடுநேரம் கஷ்டப்படுதல், பிரசவித்த உடனே பாரம் தூக்குதல், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் இவைதான் பிற்காலத்தில் அதற்குக் காரணம். பந்து விளையாட்டால் தசை பலப்படுமே தவிர, பழுதாகாது.

* 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. விளையாடுகிற பெண் சீக்கிரம் களைத்துப் போனால், மூச்சு வாங்கினால், சோம்பல் என்று திட்டாதீர்கள். இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் வாரா வாரம் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்லுங்கள். பூச்சி மாத்திரையும் தவறக் கூடாது.

* பெரிய செலவு வேண்டாம். கேழ்வரகுக் கூழ் அல்லது அடை, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், முட்டை. கடற்கரைக்காரர்களுக்கு மத்தியும் நெத்திலியும் இருக்கவே இருக்கின்றன. கீரையோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட உடனே டீயும் காப்பியும் வேண்டாம்.

* வெயிலில் ஆடிவிட்டு வந்தால் உப்புப் போட்ட நீர்மோர் அல்லது பழைய சோற்று நீராகாரம். கலர் பானங்களை விட இது மேல்.

* மாதவிலக்கு நாட்களில் ஆடக் கூடாது என்று சட்டம் இல்லை. உடம்புக்கு முடிந்தால் ஆடலாம், முடியாவிட்டால் ஓய்வு எடுக்கலாம். அவள் சொல்வதைக் கேளுங்கள். உதிரம் மிக அதிகமாகப் போனாலோ, மாதக் கணக்கில் வராமலே நின்றாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

* உடம்பைச் சரியாகத் தாங்கும் உள்ளாடையும், காலுக்குச் சரியான அளவில் ஷூவும் முக்கியம். அக்காவின் பழைய ஷூவில் பஞ்சை அடைத்துக் கொடுக்காதீர்கள்.

* வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும்போது யார் கூடப் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. பெண் டீச்சர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். முறை வைத்துக்கொண்டு தாய்மாரில் ஒருவர் போனால் இன்னும் நல்லது.

* மாநில அளவில் ஆடுகிற பிள்ளைகளுக்கு அரசின் விளையாட்டு விடுதிகள் உண்டு. கல்லூரியிலும் அரசாங்க வேலையிலும் விளையாட்டுக்கு ஒதுக்கீடு உண்டு. கிடைத்தால் சந்தோஷம். ஆனால் அதற்காக மட்டும் பிள்ளையை விரட்டாதீர்கள்.

"இது எதுக்கு?" என்று கிழவியம்மாள் கேட்டாரே, அதற்கு எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்காகக் கூடை சுமந்த உடம்பு அந்தக் கிழவியம்மாளுடையது. அதைத் தன் சந்தோஷத்துக்காக ஒரு நாளாவது ஓடவிட அவருக்கு நேரமும் இல்லை, யாரும் விடவும் இல்லை. பேத்திக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. அதைப் பிடுங்காமல் இருப்பதே நாம் செய்கிற பெரிய உபகாரம்.

<b>போக விரும்புகிறவர்களுக்கு</b>

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகிற பஸ்ஸில் ஏறுங்கள். கீழ்புத்துப்பட்டில் நிற்குமா என்று கண்டக்டரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்கள் திண்டிவனத்தில் இறங்கி மரக்காணம் வழியாக வரலாம். உப்பளம் பார்க்க மாசியிலிருந்து ஆனி வரை நல்லது. விடியற்காலையில் போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம், வெயிலும் படுத்தாது. கழுவெளிக்குப் பறவை பார்க்க மார்கழி, தை. அய்யனார் தோப்பில் கிளையை ஒடிப்பது, பிளாஸ்டிக் பை போடுவது வேண்டாம். கடலில் இறங்கிக் குளிப்பது இந்தக் கரையில் ஆபத்து. குழந்தைகளை அலையில் விடாதீர்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கு மரக்காணத்திலோ காலாப்பட்டிலோதான் ஓட்டல் பார்க்க வேண்டும். கையில் புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் தோப்பு நிழலில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.

வீட்டில் பெண் குழந்தை இருந்தால் அவளையும் அழைத்துப் போங்கள். சாயங்காலம் வரை இருந்து, எங்காவது ஒரு வலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரவிடுங்கள்.